இன்று இரவுக்கா, நாளைக்கா? பிரான்சில் குடியேறியவர் அன்றாட உணவை எங்கே வாங்குவது

லியோன் நகரின் குருவா-ரூஸ் மேட்டில், மர நிழல் விழும் அகன்ற சாலையோரமாக, திங்கள் தவிர மற்ற எல்லா நாளும் காலையில் சந்தை கூடுகிறது. அங்கே ஒரு சீஸ் கடையில் முதன்முறையாக 'சேன் மார்சலேன்' கேட்டபோது, கடைக்காரப் பெண்மணி உடனே எடுத்துத் தரவில்லை. "இன்று இரவுக்கா, நாளைக்கா?" என்று கேட்டார். கேள்வி புரிந்தது, ஏன் கேட்கிறார் என்பது புரியவில்லை. நாளைக்கு என்றேன். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு வட்டங்களில் நான்கைந்தை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்து, நடுப்பகுதி இன்னும் சற்று உறுதியாக இருந்த ஒன்றைத் தேர்ந்து, தாளில் சுற்றித் தந்தார். உண்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கச் சொன்னார். மறுநாள் மதியம் வெட்டியபோது, மெல்லிய தோலுக்குள் இருந்த வெண்ணிறக் குழைவு தட்டில் மெதுவாக வழிந்தது. அதற்கு முந்தைய மாதம் இதே சீஸை நெகிழிப் பெட்டியில் வாங்கி, சுண்ணாம்பு போல உதிர்ந்ததால் பாதியைக் குப்பையில் போட்டிருந்தேன்.

வேலைக்கோ படிப்புக்கோ பிரான்சுக்கு வந்து சேருபவர்கள், வீடு கிடைத்து அடுப்பு மூட்டிய முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். இந்த நாட்டின் உணவை விருந்தாளியாக இல்லாமல் குடியிருப்பவராக உண்டு பழக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் காய், ரொட்டி, சீஸ், பழம் ஆகியவற்றை வாராவாரம் எங்கிருந்து வாங்குவது? நான்கு வழிகள் எதிரே நிற்கின்றன: வாரச்சந்தை, தெருமுனைத் தனிக்கடைகள், சூப்பர்மார்க்கெட், விவசாயியிடம் முன்பணம் கட்டிப் பெறும் 'அமாப்' கூடை. பருப்பு, புளி, கறிவேப்பிலை எப்படியும் தமிழ்க் கடையிலிருந்துதான் வரும். பாரிஸில் இருப்பவருக்கு லா ஷப்பேல் இருக்கிறது, லியோனில் கில்லோத்தியேர் பகுதியின் ஆசியக் கடைகள் உண்டு. அந்தக் கணக்கை இங்கே சேர்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகப் போகும் என்பது என் அனுபவம். வாங்கியதில் எவ்வளவு உண்டோம், எவ்வளவு வாடி வீணானது என்பதையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். மேலே சொன்ன பெட்டிச் சீஸ் கடைச் சீஸைவிட மலிவுதான்; பாதியை எறிந்த பிறகு மலிவு இல்லை.

அடுத்தது நேரம். இந்த நாட்டின் கடைகளுக்கு ஒரு கடிகாரம் உண்டு. புதிதாக வந்தவரை அது சில மாதங்கள் அலைக்கழிக்கும். சிறு கடைகள் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் மூடி, மூன்றரை அல்லது நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கின்றன. பல கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உணவுக் கடைகள் ஞாயிறு பகல் ஒரு மணி வரை ஆட்களை வைத்து நடத்தலாம் என்பது பொது விதி. சந்தை காலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கி ஒரு மணி அளவில் கலைந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை அலுவலகத்தில் இருப்பவர், தன் கடிகாரம் எந்தக் கடையின் கடிகாரத்தோடு பொருந்துகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மொழி. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சொல்லும் பேசாமல் வெளியே வரலாம். சீஸ் கடையில் முடியாது. நான்காவது, உணவுக் கட்டுப்பாடு: சைவம் உண்பவர், மாட்டிறைச்சி தவிர்ப்பவர், ஹலால் வேண்டுபவர், கருவுற்றிருப்பவர் ஆகியோருக்கு ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாக உதவும், அல்லது தடுக்கும்.

ஐந்தாவதாக நான் வைப்பதை மற்றவர்கள் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அதுவே முதன்மையானது. நீங்கள் வாங்கும் பொருளை எப்போது உண்ணப் போகிறீர்கள் என்று கேட்க எதிரே ஒருவர் இருக்கிறாரா? பிரெஞ்சு அன்றாட உணவில் பெரும்பகுதி சமைத்து மாற்றப்படுவதில்லை. ரொட்டி, சீஸ், பழம், பச்சைக் காய் ஆகியவற்றைப் பதமான நேரத்தில் உண்பதில்தான் அதன் சுவை இருக்கிறது. பதம் தெரிந்தவர் கையிலிருந்து வாங்குகிறோமா என்பது, நம் வீட்டில் மாம்பழம் வாங்கும்போது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு இங்கே எல்லாவற்றுக்கும் முக்கியம்.

## வாரச்சந்தை

பருவத்தை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஏப்ரலில் கூரிய முனையுள்ள 'காரிகெத்' ஸ்ட்ராபெர்ரியும் அஸ்பாரகஸும் வரும். ஜூலையில் ரோன் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட், ஆகஸ்டில் லொரேன் பகுதியின் பொன்னிற மிராபெல் பிளம், நவம்பர் முதல் இலையோடு வரும் கோர்சிகாவின் கிளெமெந்தின் என்னும் சிறு ஆரஞ்சு. இந்த வரிசை ஓராண்டில் மனத்தில் பதிந்துவிடும். அதன் பிறகு ஜனவரியில் ஸ்ட்ராபெர்ரியைப் பார்த்தாலும் கை நீளாது.

ஆனால் சந்தையில் விற்பவர் எல்லோரும் விவசாயிகள் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. பெரும்பாலான பழக்கடைக்காரர்கள் மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவர்கள். பாரிஸில் 1969 முதல் ரன்ழீஸ் மொத்தச் சந்தையும், லியோனில் கோர்பா மொத்தச் சந்தையும் அவர்களுக்குச் சரக்குத் தருகின்றன. வேறுபாட்டைக் காண்பது எளிது. வாழைப்பழமும் எலுமிச்சையும் வெண்ணெய்ப்பழமும் சேர்ந்து நாற்பது வகை அடுக்கியிருந்தால் அது வாங்கி விற்கும் கடை. மண் ஒட்டிய லீக்ஸ், கோணல் கேரட், இரண்டு வகைக் கீரை என்று ஏழெட்டுப் பொருள் மட்டும் இருந்து, பலகையில் 'புரோதுக்தர்' அல்லது 'மரேஷே' என்று எழுதியிருந்தால் அது விளைவித்தவர் கடை. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நாட்டில் விளைந்தது என்பதை விலைப்பலகையில் எழுத வேண்டும் என்பது சட்டம்; அதைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி ஐயம் தீரும். வாங்கி விற்பவர் தாழ்ந்தவர் என்று சொல்லவில்லை. நல்ல கைதேர்ந்தவர் நாளைக்குப் பழுக்கும் முலாம்பழத்தை, காம்பை முகர்ந்து பார்த்தே எடுத்துத் தருவார். விளைவித்தவரிடமே வாங்குகிறோம் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, அளவு மீறுதல்: வண்ணமும் வாசமும் கூட்டமும் சேர்ந்து, இருவர் உண்ண நால்வருக்கானதை வாங்க வைக்கும். இரண்டாவது வார இறுதிக் காலை. இரண்டு மணி நேரம் போய்விடும். அதைச் சுமையாக நினைப்பவருக்கு இது சரிப்படாது. மூன்றாவது, கையில் பணமும் பையும். சிறு தொகைக்கு வங்கி அட்டையை ஏற்காத கடைகள் இன்னும் உண்டு. கைப்பிடியுள்ள மெல்லிய நெகிழிப் பைகள் 2016 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டுவிட்டதால் துணிப்பையோ, முதியவர்கள் இழுத்துவரும் சக்கரப் பையோ வேண்டும்.

பெரும்பாலான கடைகளில் காயையும் பழத்தையும் நாமே தொட்டு எடுக்கக் கூடாது. கடைக்காரர் எடுத்துத் தருவார். நம் ஊரில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிப் பழகிய கைக்கு இது கடினமாகவே இருக்கும். கூடையை அவரே நீட்டினால் மட்டும் பொறுக்கலாம். கலைகிற நேரத்தில், பன்னிரண்டரைக்குப் பிறகு போனால் விலை இறங்கும், பெட்டி பெட்டியாகத் தருவார்கள். ஆனால் அந்த அவசரத்தில் எவரும் பதம் பார்த்துத் தரமாட்டார்கள். அன்றே தொக்காகவோ கூழாகவோ மாற்றப்போகும் தக்காளிக்கும் ஆப்ரிகாட்டுக்கும் அந்த நேரம் மிகப் பொருத்தம்.

## தெருமுனைத் தனிக்கடைகள்

ரொட்டிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும்; வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். பகெட் என்னும் நீள ரொட்டியைச் செய்யும் கைத்திறனும் அதைச் சூழ்ந்த பழக்கமும் 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலைவிடப் பயனுள்ளவை இரண்டு சட்டங்கள். 1993ஆம் ஆண்டு ஆணைப்படி, 'திரதிசியோன்' என்று விற்கப்படும் ரொட்டியை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது, கூட்டுப்பொருள் சேர்க்கக் கூடாது. கோதுமை மாவு, நீர், உப்பு, புளிக்க வைக்க ஈஸ்ட் அல்லது புளித்தமாவு ஆகியவற்றைக் கொண்டு செய்ய வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கேயே மாவு பிசைந்து, உருட்டி, சுடுகிற கடைதான் 'பூலான்ழரி' என்று பெயர்ப்பலகை வைக்கலாம். ஆகவே அந்தச் சொல் இல்லாமல் ரொட்டி மட்டும் விற்கும் இடத்தைக் கண்டால், அது வேறெங்கோ செய்தது என்று கொள்ளலாம். இந்தக் காப்பு ரொட்டிக்கு மட்டுமே, பிறை வடிவ வெண்ணெய்ப் பலகாரமான குருவாசானுக்கு இல்லை. பெயர்ப்பலகையுள்ள கடையிலும் ஆலையில் உறைய வைத்து வந்த குருவாசான் இருக்கலாம் என்பதால், இங்கேயே செய்கிறீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது. செய்பவர்கள் மகிழ்ச்சியோடு ஆமாம் என்பார்கள்.

திரதிசியோன் சாதாரண பகெட்டைவிடச் சில பத்து சென்ட் கூடுதல். சாதாரண பகெட் மாலைக்குள் விறைத்துப்போகும். திரதிசியோன் இரவுச் சாப்பாடு வரை தாங்கும். தனியாக இருப்பவர் பாதி பகெட் கேட்டு வாங்கலாம், எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நன்றாகச் சிவந்தது வேண்டுமா, வெளிறியது வேண்டுமா என்பதையும் சொல்லலாம். இந்த இரண்டு சொற்றொடர்களையும் கற்றுக்கொண்ட நாளில்தான் எனக்கு அந்தத் தெரு சொந்தத் தெரு ஆனது.

முதல் வாரத்தில் நான் உள்ளே நுழைந்ததும் "ஒரு பகெட்" என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த அம்மையார் அசையாமல், "போன்ழூர்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை ரொட்டியை நோக்கிப் போனது. நம் ஊரில் கடைக்குள் போய் வணக்கம் சொல்லிவிட்டு அரைக் கிலோ சர்க்கரை கேட்பதில்லை. இங்கே அந்த ஒரு சொல் இல்லாமல் கேட்பது, கதவைத் தட்டாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது போன்றது. அதன்பின் வரும் "அவெக் செஸி?" என்பது இதோடு வேறு என்ன வேண்டும் என்பது, "ஸ செரா தூ" என்றால் அவ்வளவுதான் என்று பொருள். பத்துச் சொற்கள் போதும். இந்தத் தொழில் வெளியிலிருந்து வந்தவருக்கு எட்டாதது என்று எண்ணவும் வேண்டாம்: பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பகெட் போட்டியில் 2023ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர், இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் அவருக்கு, அந்த வெற்றியால் ஓராண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பொறுப்பும் கிடைத்தது.

சீஸ் கடை விலையைப் பார்த்து ஒதுங்குபவர்கள் மிகுதி. ஓராண்டுக்கு மேல் பதப்படுத்திய கோந்தே, கிலோ முப்பது யூரோவைத் தொட்டு நிற்கும். ஆனால் கிலோவாக எவரும் வாங்குவதில்லை. கடைக்காரர் கத்தியைச் சீஸின் மேல் வைத்து "இந்த அளவா?" என்று கேட்பார், "இன்னும் கொஞ்சம் குறைவாக" என்று சொன்னால் கத்தி நகரும். நூற்றைம்பது கிராம் துண்டு நான்கரை யூரோ. இருவருக்கு மூன்று இரவுக்கு வரும், ஒரு துணுக்கும் வீணாகாது. வாங்கும் முன் சிறு சீவலைச் சுவைக்கக் கேட்டாலும் தருவார்கள்.

சைவம் உண்பவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோந்தே, ரோக்ஃபோர் உட்பட, மூலப்பெயர்க் காப்புப் பெற்ற (ஊர்ப் பெயரைச் சட்டம் காக்கும்) மரபுச் சீஸ்களில் பெரும்பாலானவை 'பிரேசூர்' எனப்படும், கன்று போன்ற இளம் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுகின்றன. இதை ஏற்காதவர் தாவர உறைபொருள் அல்லது நுண்ணுயிர் உறைபொருள் சேர்த்த சீஸ் எது என்று கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் சூப்பர்மார்க்கெட் பெட்டியின் அச்சிட்ட எழுத்து பல நேரம் தெளிவாக இருக்கிறது. கருவுற்றவர்களும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் காய்ச்சாத பாலில் செய்த சீஸைத் தவிர்க்க வேண்டும் என்பது இங்குள்ள அரசு மருத்துவ அறிவுரை. கோந்தே போலச் சூடேற்றி அழுத்திச் செய்யும் கடினச் சீஸ்களுக்கு அதில் விலக்கு உண்டு. காய்ச்சாத பாலைக் குறிக்கும் 'லே குரூ' என்ற சொல்லைத் தேடுங்கள், அல்லது நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்.

ரொட்டிக்கடையின் கிஷ் (முட்டைக் கலவை நிரப்பிச் சுட்டது), ரோல் போன்றவற்றை வாங்கும்போது "இறைச்சி இல்லாதது" என்று பொதுவாகக் கேட்டால் மீனோ கோழியோ உள்ளது கைக்கு வரலாம். ஹாம், பன்றிக்கொழுப்புத் துண்டு, மீன், கோழி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். இறைச்சிக்கடையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எந்தச் சமையலுக்கு என்று சொன்னால் அதற்குரிய பகுதியை வெட்டித் தருவார்கள் என்பதே அதன் முழுப் பயன். பெருநகரங்களில் ஹலால் இறைச்சிக்கடையும் அருகிலேயே இருக்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு கால அட்டவணை. ஒரு கடைக்குத் திங்கள் விடுமுறை, இன்னொன்றுக்குப் புதன். ஆகஸ்டில் மூன்று வாரம் கதவில் தாள் ஒட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள். நான்கு கடை ஏறி இறங்கினால் நான்கு வரிசை. மழைக்காலத்தில், கைக்குழந்தையோடு, இது எளிதில்லை.

## சூப்பர்மார்க்கெட்

இதில் வாங்குவது பிரெஞ்சுத்தன்மை அற்றது என்ற எண்ணத்தோடு வந்து தங்களை வருத்திக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன். நாட்டின் முதல் ஹைப்பர்மார்க்கெட் 1963இல் பாரிசுக்குத் தெற்கே சேன்த் ழெனவியேவ் தே புவா என்ற ஊரில் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாக இங்குள்ள குடும்பங்கள் வாரத்தின் பெரும் சுமையை அங்கிருந்துதான் வண்டியில் ஏற்றிக் கொண்டு வருகின்றன. பால், மாவு, எண்ணெய், பிரான்சின் பிரித்தானி பகுதியின் உப்பு வெண்ணெய், புளிப்புப் பாலேடு, தகரத்தில் அடைத்த மத்தி மீன், பயறு ஆகியவற்றை வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை. புய் நகரத்துப் பச்சை நிற லென்டில் (நம் பச்சைப்பயறு அல்ல) எந்தக் கடையிலும் கிடைக்கும். கிச்சடிக்கும் கூட்டுக்கும் அழகாகக் குழையாமல் நிற்கும்.

மொழி வராத முதல் மாதங்களில் இது ஒரு பள்ளிக்கூடமாகவும் உதவும். அவசரப்படுத்த யாரும் இல்லாத நடைபாதையில் நின்று, பெட்டிகளின் மேல் உள்ள பெயர்களையும் மூலப்பொருள்களையும் படித்துப் பழகிய பிறகு சீஸ் கடைக்குப் போனால் வாய் தடுமாறுவதில்லை. கிலோ விலை ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருப்பதால் ஒப்பிடுவதும் எளிது. பணியிடத்தில் உணவுச் சீட்டு தருகிறார்கள் என்றால், அதில் பாதிக்குக் குறையாத பங்கை நிறுவனமே ஏற்கும். நாளொன்றுக்கு 25 யூரோ வரை செலவிடலாம், ஞாயிறன்று பொதுவாகச் செல்லாது. பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகளும் பல ரொட்டிக்கடைகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. சந்தைக் கடைகளில் மிகச் சிலவே வாங்கும். மாதக் கணக்கில் இது சிறிய தொகை இல்லை.

மறைந்த செலவு பழத்திலும் சீஸிலும் இருக்கிறது. நெடுந்தூரம் வரப் பறிக்கப்பட்ட பீச், கல்லாக இருந்து நேரே அழுகலுக்குப் போகும். குளிரில் அடைத்த கமம்பெர் சீஸ் பெட்டியைத் திறந்து விரலால் அழுத்திப் பார்ப்பவர்களைக் காணலாம். பதம் அறிந்த உள்ளூர்வாசிகள் அப்படித்தான் தேர்கிறார்கள், நாமும் செய்யலாம். இரண்டாவது செலவு மெல்லமெல்ல வருவது. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற வசதியில், ரொட்டியும் அங்கேயே வாங்கி, சீஸும் துருவியதாக வாங்கி, ஓராண்டு கழித்துப் பார்த்தால் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியிருக்கக்கூடியதையே வாங்கிக்கொண்டிருப்போம். என் முதல் குளிர்காலம் அப்படிக் கழிந்தது. அந்த மாதங்களில் உண்டது எதுவும் இப்போது நினைவில் இல்லை.

## அமாப் கூடை

2001இல் தென் பிரான்சின் ஒபாஞ் நகரத்துக் குடும்பங்கள் சில, ஒலியூல் ஊரின் பண்ணை ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டதில் இது தொடங்கியது. அமெரிக்காவில் கண்ட ஒரு முறையைத் தழுவி, பருவம் முழுவதற்குமான விலையை முன்பே தருவதாக ஏற்று, விளைந்ததை வாராவாரம் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்று நாடெங்கும் இத்தகைய சங்கங்கள் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஓராண்டு ஒப்பந்தம்; காசோலைகளை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட, மாதம் ஒன்றாகப் பணமாக்கப்படும். வாரத்தில் ஒரு நாள் மாலை, குறித்த ஒன்றரை மணி நேரத்துக்குள், ஒரு பள்ளி முற்றத்திலோ சமுதாயக்கூடத்திலோ போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காயின் தரத்தில் இதற்கு ஈடு இல்லை, விலையும் நியாயமானது. ஆனால் எதை உண்பது என்பதை நிலம் தீர்மானிக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை டர்னிப், செலரிக் கிழங்கு, லீக்ஸ், பூசணி, 'பிளெத்' என்னும் அகலத் தண்டுக்கீரை, மறுபடி டர்னிப். இந்த இடத்தில் தமிழ்ச் சமையல் தெரிந்தவருக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதை மனப்பூர்வமாகச் சொல்வேன். பிளெத் இலையை மசியலாகவும் தண்டைப் பருப்போடு கூட்டாகவும் செய்யலாம்; டர்னிப் சாம்பாரில் முள்ளங்கிக்கு நிகராக நிற்கும்; பூசணிக்குப் புளிக்குழம்பு இருக்கிறது. உடன் கூடை எடுக்கும் பிரெஞ்சுக் குடும்பங்கள், மூன்றாவது வாரமாக வந்த பிளெத்தை என்ன செய்கிறாய் என்று என்னிடம் கேட்கத் தொடங்கிய பிறகு, அவர்களிடமிருந்து லீக்ஸை வெண்ணெயில் மெல்ல வதக்கும் முறையையும் செலரிக் கிழங்கைத் துருவிக் கடுகுக் குழைவில் பிசையும் முறையையும் கற்றேன். சமையலறைக்குச் சமையலறை பேசிக்கொள்ளும் இந்தப் பழக்கம் மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு இயல்பாக வாய்ப்பதில்லை.

மறைமுகச் செலவு: விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வாரங்களின் கூடைக்கும் பணம் போய்விடும், நண்பர் யாராவது எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். பருவத்தில் ஓரிரு முறை பகிர்ந்தளிக்கும் வேலைக்கு நிற்க வேண்டும். ஆலங்கட்டி மழை பெய்தால் கூடை சிறுக்கும். அந்த நட்டத்தில் பங்கேற்பதே ஒப்பந்தத்தின் பொருள் என்பதால் அதைக் குறையாகச் சொல்வதும் முறையில்லை.

## ஒரே பார்வையில்

| | வாரச்சந்தை | தனிக்கடைகள் | சூப்பர்மார்க்கெட் | அமாப் கூடை |
|---|---|---|---|---|
| நேரம் | குறித்த நாள்களில் காலை மட்டும் | மதிய இடைவேளை, வார விடுமுறை, ஆகஸ்ட் | நாள் முழுவதும், ஞாயிறு காலை | வாரம் ஒரு மாலை, தவறவிட முடியாது |
| உண்மையான செலவு | நடுத்தரம்; அளவு மீறினால் அதிகம் | கிலோவுக்கு அதிகம், வீணாவது மிகக் குறைவு | குறைவு; பழமும் சீஸும் வீணாகும் | நியாயம், ஆனால் முன்பணம் |
| மொழி | கொஞ்சம் | அதிகம், விரைவில் கற்கலாம் | தேவையில்லை | உரையாடும் அளவு |
| உணவுக் கட்டுப்பாடு | காய், பழத்துக்குத் தடையில்லை | கேட்டறிய வேண்டும் | மூலப்பொருள் அச்சில் உண்டு | சைவருக்கு மிக ஏற்றது |
| பதம் பார்த்துத் தருபவர் | உண்டு, அவசரமில்லாத நேரத்தில் | எப்போதும் | இல்லை | விளைவித்தவரே |

## யாருக்கு எது

ஓராண்டுக்கு மட்டும் வந்திருக்கும் மாணவர் அமாப்பில் சேர வேண்டாம். ஒப்பந்தம் அவர் காலத்தோடு பொருந்தாது. மாதச் செலவு இறுக்கமாக இருப்பதால் சூப்பர்மார்க்கெட்டை அடிப்படையாக வைத்து, ரொட்டியை மட்டும் நல்ல பூலான்ழரியில் வாங்கட்டும். நாளுக்கு ஒன்றரை யூரோவுக்குள் இந்த நாட்டின் மிகச் சிறந்த உணவு ஒன்று கிடைத்துவிடுகிறது. சனிக்கிழமை சந்தை கலையும் நேரத்தில் ஒரு பை பழம் வாங்கினால் வாரம் நிறைந்துவிடும்.

இருவரும் வேலைக்குப் போகும், சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு, கனமான பொருள்களைச் சூப்பர்மார்க்கெட்டில் இணையம் வழியாகச் சொல்லிவைத்து வண்டியில் ஏற்றிக்கொள்ளும் வசதி பெரும் உதவி. அதில் மிஞ்சும் நேரத்தை ஞாயிறு சந்தைக்குக் கொடுங்கள். குழந்தையைக் கூட்டிப் போங்கள்; ஒரு செர்ரியோ ஒரு சீவல் சீஸோ கையில் தரும் கடைக்காரர் நிச்சயம் இருப்பார்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத் தனிக்கடைகளே பொருத்தம். மதிய இடைவேளைக்கு முன் பத்து நிமிடம் நடந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். குளிர்பெட்டி காலியாக இருக்கும், வீணாவது ஏறக்குறைய நின்றுவிடும். மொழியும் இவர்களுக்கே விரைவில் வரும். நாளெல்லாம் திரையோடு இருப்பவருக்கு அந்தக் கவுண்ட்டர்தான் பேச்சுப் பயிற்சி.

சைவக் குடும்பம், இரண்டு மூன்று ஆண்டுகளாவது தங்குவது உறுதி, அடுப்படியில் விருப்பம் உண்டு என்றால் அமாப்பைத் தயங்காமல் எடுக்கலாம்; முதல் ஆண்டில் வேண்டாம், சந்தையில் ஒரு முழுப் பருவச் சுற்றைப் பார்த்த பிறகு சேருங்கள். சிற்றூரில் வசிப்பவருக்குத் தேர்வு குறைவு: வாரம் ஒரு நாள் சந்தை, ஒரு ரொட்டிக்கடை, கார் பயணத்தில் ஒரு பெருங்கடை. அங்கே அந்த ஒரு நாள் சந்தையைத் தவறவிடாமல் இருப்பதே போதும்; அடுத்தவர் முகம் அங்குதான் பழகும்.

எந்த நிலையிலும் முதல் மாற்றமாக நான் பரிந்துரைப்பது ஒன்றே: மற்ற எல்லாவற்றையும் சூப்பர்மார்க்கெட்டிலேயே வைத்துக்கொண்டாலும், ரொட்டியையும் சீஸையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். காயில் உள்ள வேறுபாடு சமையலில் பாதி மறையும். இந்த இரண்டில் மறையாது, ஏனெனில் வாங்கிய நிலையிலேயே வாய்க்குப் போகின்றன.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குள், கூட்டம் சேரும் முன்பே போங்கள். ஒரு சிறு துணிப்பையும் பத்து யூரோ சில்லறையும் போதும். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். முறை வந்ததும் போன்ழூர் சொல்லிவிட்டு, ஒரே ஒரு சீஸ் கேளுங்கள். இன்று இரவுக்கா, நாளைக்கா என்று கேட்டால், ஏதோ ஒன்றைச் சொல்லி நகராமல் உண்மையில் எப்போது உண்ணப் போகிறீர்களோ அந்த வேளையைச் சொல்லுங்கள்: நாளை மதியம், இருவருக்கு.